அயல்நாட்டு ஃபெலோஷிப்: தமிழ் நிருபர் விண்ணப்பிப்பது எப்படி?

மாவட்டத்தில் ஐந்தாறு வருடம் ஓடி ஓடிச் செய்தி சேர்த்த நிருபர்களிடம் அயல்நாட்டு ஃபெலோஷிப் பற்றிப் பேச்சு எடுத்தால், ‘அதெல்லாம் இங்கிலீஷ் பேப்பர்காரங்களுக்கு’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த நினைப்பை முதலில் விட வேண்டும். ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால், கையில் நல்ல செய்தி இல்லாதவரை எவ்வளவு நல்ல ஆங்கிலமும் காப்பாற்றாது.

35 வயதுக்குள் இருப்பவர்கள் இரண்டு திட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் நிர்வாக ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரட் பிரெண்ட்லி 1983-ல் தொடங்கியது. வயது 25 முதல் 35 வரை, குறைந்தது மூன்றாண்டு அனுபவம். 1908-ல் தொடங்கப்பட்ட மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளியில் பயிற்சி. பிறகு ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனத்தில் மற்ற நிருபர்களோடு சேர்ந்து வேலை. மொத்தம் ஏறத்தாழ ஆறு மாதம்.

மற்றொன்று, 1961-ல் விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச் செயலர் டாக் ஹாமர்ஷீல்டின் நினைவாக அமைந்த நிதியம் தருவது. வளரும் நாடுகளின் இளம் பத்திரிகையாளர்களைத் தேர்ந்தெடுத்து, செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபை கூடும்போது நியூயார்க்கிலிருந்து செய்தி அனுப்ப வைக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு நான்கு பேர் அளவில்தான் எடுப்பார்கள். முந்தைய ஆண்டு தேர்வான நாட்டுக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பு தராமல் சுழற்சி முறையைப் பின்பற்றுவதும் உண்டு. அதனால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்த பிறகே மற்ற வேலையில் இறங்குங்கள்.

அடுத்த வேலை, நீங்கள் எழுதியதில் சிறந்த இரண்டு மூன்று செய்திகளைத் தேர்ந்தெடுப்பது. இங்கே தமிழ் நிருபருக்கு ஒரு சிக்கல் வரும். உழைத்து எழுதிய செய்தி ‘நமது நிருபர்’ என்றுதான் அச்சாகியிருக்கும். அப்படியானால் தேதி, பதிப்பு, பக்கம் குறிப்பிட்டு, ‘இதை எழுதியவர் இவரே’ என்று ஆசிரியரிடம் அலுவலகக் கடிதத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். வேலை மாறிய பிறகு இந்தக் கடிதம் கிடைப்பது கடினம்.

செய்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ‘பட்டா மாறுதலுக்கு வி.ஏ.ஓ. லஞ்சம் கேட்டார்’ என்ற வரி நமக்குப் போதும். வெளிநாட்டில் படிப்பவருக்குப் பட்டாவும் தெரியாது, வி.ஏ.ஓ.வும் தெரியாது. ‘நிலம் இன்னார் பெயரில் இருக்கிறது என்பதற்கான அரசு ஆவணம்’, ‘கிராமத்தின் நிலக் கணக்கைப் பராமரிக்கும் அதிகாரி’ என்று அங்கேயே விளங்க வைக்க வேண்டும். மூலத்தில் இல்லாத தகவலைச் சேர்க்கவே கூடாது. செய்தி வந்த பிறகு என்ன நடந்தது என்பதைத் தனிக் குறிப்பாக இரண்டு வரி எழுதலாம். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்புவது உங்கள் உழைப்புக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

நிறுவனத்தின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும். ஹாமர்ஷீல்ட் நிதியம், நிருபரை அனுப்பச் சம்மதம், அவர் அனுப்பும் செய்திகளை வெளியிடுவோம் என்ற உறுதி, அந்த மாதங்களுக்கும் சம்பளம் தொடரும் என்ற உறுதி ஆகியவற்றை ஆசிரியரிடம் கேட்கிறது. கடைசி வாரத்தில் போய் நின்றால் எந்த ஆசிரியராலும் இதைச் செய்ய முடியாது. மூன்று மாதம் முன்பே பேசுங்கள்.

பிறகு கட்டுரை. ‘சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்’ என்று எழுதினால், நூறு விண்ணப்பங்களில் உங்களுடையதும் ஒன்றாகிவிடும். ‘நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்பு ஏறிய வயல்களைப் பற்றி எழுதி வருகிறேன், அரசின் நிலத்தடி நீர்ப் புள்ளிவிவரங்களை அலசிப் பார்க்கத் தெரியவில்லை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று இரண்டும் அதில் தெரிந்துவிடும். திரும்பி வந்து அலுவலகத்தில் யாருக்கு எதைக் கற்றுத் தருவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேர்காணலுக்கு அழைத்தால், அனுப்பிய செய்திகளையே ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணப் பிழை வந்தால் வரட்டும்; எண்களும் பெயர்களும் தவறக் கூடாது.

அமெரிக்கப் பரிமாற்றத் திட்டம் என்றால் பொதுவாக ஜே-1 விசா. அதற்கான டி.எஸ்.-2019 படிவம் திட்டத்தை நடத்தும் அமைப்பிடமிருந்து வரும். அது வந்த பிறகு துணைத் தூதரக நேர்காணல். விசா முடிந்ததும் சில பரிமாற்றத் திட்டங்களில் இரண்டாண்டு சொந்த நாட்டில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘இடம் வாங்கித் தருகிறோம், பணம் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். இன்றிரவு பழைய பேப்பர் கட்டைப் பிரித்து, உங்கள் செய்திகளில் இரண்டை எடுத்து வையுங்கள்.