ஜிம்ப்பும் உளியும்: வீட்டிலேயே லினோகட் அச்சு

பள்ளிக்கூட டிராயிங் பீரியடோடு ஓவியத்தை மூட்டை கட்டி வைத்தவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான். பி.இ. முடித்து, சாப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்த பிறகுதான் மறுபடி பென்சிலைத் தொட்டேன். சென்னையில் பெரியவர்களுக்காக ஞாயிறு காலைகளில் நடக்கும் ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் மாதம் பென்சில், இரண்டாம் மாதம் வாட்டர் கலர், மூன்றாம் மாதம் அச்சு ஓவியம். வங்கியில் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்று மொத்தம் ஒன்பது பேர். யாருக்கும் வரையத் தெரியாது. அதனால் யாருக்கும் வெட்கமும் இல்லை.

நான் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்கு மணிவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா எங்கள் ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோத்து, ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் பத்திரிகைகளைத் தயார் செய்தவர். பிறகு டிடிபியும் ஆப்செட்டும் வந்தன. ட்ரெடில் மெஷின் பழைய இரும்புக்குப் போனது. அப்பா மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன். அவருடைய மணிவிழாப் பத்திரிகையின் அட்டைப் படத்தையாவது கையால் அச்சடித்துத் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மொத்தம் 100 பிரதிகள்.

அதற்கு நான் செய்தவற்றை இங்கே படிப்படியாகத் தருகிறேன். நான் செய்த தவறையும் சேர்த்துச் சொல்கிறேன். அதே தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

லினோகட் என்றால் என்ன?

லினோலியம் என்பது தரையில் விரிப்பதற்காக உருவான பொருள். ஆளி விதை எண்ணெய், தக்கைத் தூள் முதலியவற்றைக் கலந்து சணல் துணியின் மேல் படியவைத்துச் செய்வார்கள். பிரெடரிக் வால்டன் என்பவர் 1863-ல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மரத்தைப் போல இதில் இழை ஓட்டம் கிடையாது. உளி எந்தப் பக்கமும் ஒரே மாதிரி போகும். அதனால் புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றது. செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக வரும், விட்டுவைத்த இடம் கறுப்பாக வரும். இடையில் சாம்பல் நிறம் என்று எதுவும் இல்லை.

எங்கள் மாஸ்டர் முதல் நாளே ஒரு படத்தைக் காட்டினார். 1930-ல் தண்டி யாத்திரையை ஒட்டி நந்தலால் போஸ் செய்த லினோகட் அது. கையில் தடியுடன் நடக்கும் காந்தி. பின்னணி முழுக்கக் கறுப்பு, உருவம் வெள்ளைக் கோடுகள். இவ்வளவு குறைந்த கோடுகளில் ஒருவரை அடையாளம் காட்ட முடியும் என்பதுதான் அன்றைய பாடம்.

படி 1: அளவை முடிவு செய்தல்

அப்பா எழுத்துப் பெட்டியின் முன்னால் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதை ஸ்கேன் செய்து ஜிம்ப்பில் திறந்தேன். ஜிம்ப் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் ப்ரோக்ராம். கீழே சொல்லும் கட்டளைகள் 2.10, 3.0 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் உண்டு.

என் பிளாக்கின் அளவு 10 செ.மீ. x 15 செ.மீ. ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால் 1181 x 1772 பிக்ஸல்கள். தேவையான பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு, இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் கொடுத்து இந்த அளவை அமைக்கவும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்ஸல்கள். புதிதாகக் கற்பவரின் கையால் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புக் கோட்டை உடையாமல் விட்டுவைப்பது கடினம். எனவே 12 பிக்ஸலுக்குக் குறைந்த விவரம் எதுவும் நமக்குப் பயன்படாது. உளிக்கும் ஒரு ரெசல்யூஷன் இருக்கிறது.

படி 2: விவரங்களைக் குறைத்தல்

கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்து வண்ணத்தை நீக்கவும். பிறகு பில்டர்ஸ் மெனுவில் ப்ளர், அதில் காஸியன் ப்ளர். அளவை 3 முதல் 6 வரை மாற்றிப் பாருங்கள். போட்டோவின் பொடிப்பொடியான புள்ளிகள் கரைந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த படியில் படம் முழுக்க மணல் இறைத்தது போல ஆகிவிடும்.

படி 3: கறுப்பா, வெள்ளையா?

கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்டு கட்டளையைத் தேர்வு செய்யுங்கள். டயலாக் பாக்ஸில் ஹிஸ்டோகிராம் தெரியும். அதன் கீழே உள்ள கறுப்பு முக்கோணத்தை இழுத்தால் எல்லை மாறும். எல்லையை விட இருட்டான பிக்ஸல் கறுப்பாகும், வெளிச்சமானது வெள்ளையாகும்.

நான் நடுவில் வைத்தேன். அப்பாவின் முகம் மொத்தமாகக் கறுத்துவிட்டது. இடது பக்கம் இழுத்தேன். கண்ணும் மூக்கும் வந்தன, ஆனால் வெள்ளைச் சட்டை சுவரோடு சேர்ந்து காணாமல் போயிற்று. எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்று போனது. காரணம் எளிது. த்ரெஷோல்டு என்பது ஒரே ஒரு எண். அதை எல்லா பிக்ஸல்களுக்கும் ஒரே மாதிரி பொருத்துகிறது. எது முகம், எது சுவர் என்று அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரு வழி, ப்ரீ செலக்ட் டூலால் முகத்தை மட்டும் தேர்வு செய்து அதற்குத் தனி எல்லை, மற்ற இடத்துக்குத் தனி எல்லை கொடுப்பது. அப்படியும் செய்தேன். லேப்டாப்பை மாஸ்டரிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா உங்க அப்பாவை இதுல காணோமே. கொஞ்ச நேரம் அதை மூடி வச்சுட்டு, கண்ணைச் சுருக்கி போட்டோவைப் பாருங்க" என்றார்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். யோசித்தால் ப்ளரும் த்ரெஷோல்டும் செய்கிற வேலைதான் இது. வித்தியாசம், இங்கே எல்லையை இடத்துக்கு இடம் முடிவு செய்வது நாம். அப்பாவின் முகத்தில் நெற்றியும் மூக்குத் தண்டும் வெள்ளை என்று முடிவு செய்தேன். சட்டையின் ஓரத்தில் சுவரைக் கறுப்பாக்கினேன். போட்டோவில் அந்தச் சுவர் வெள்ளைதான். ஆனால் கறுப்பாக்கியதும் சட்டை பளிச்சென்று வந்தது. முதல் மாதம் முழுக்க பித்தளைச் சொம்பையும் வாழைப்பழத்தையும் ஏன் வரையச் சொன்னார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. எந்த இடத்தைக் கறுப்பாக்குவது என்ற முடிவுக்குத்தான் அந்தப் பயிற்சி. எனவே ஜிம்ப் தரும் படத்தை அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, பிரிண்ட் எடுத்து, அதன் மேல் உங்கள் கையால் திருத்துங்கள்.

படி 4: இடம் வலம் மாற்றுதல்

இதுதான் நான் சறுக்கிய இடம். பிளாக்கில் உள்ளது பேப்பரில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி விழும். எனவே பிளாக்கில் படம் ஏற்கெனவே திரும்பியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறை கார்பன் பேப்பர். பிரிண்டை மேல்நோக்கி வைத்து, அடியில் கார்பன் வைத்துக் கோடுகளை அழுத்தி வரைய வேண்டும். இதில் படம் தானாகத் திரும்பாது. எனவே ஜிம்ப்பில் இமேஜ் மெனு, டிரான்ஸ்பார்ம், ப்ளிப் ஹாரிசான்டலி கொடுத்த பிறகே பிரிண்ட் எடுக்க வேண்டும்.

இரண்டாம் முறை டிரேசிங் பேப்பர். 4பி அல்லது 6பி பென்சிலால் படத்தை அதில் எடுத்து, பென்சில் பக்கம் பிளாக்கில் படும்படி கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். இதில் படம் தானாகவே திரும்பிவிடும். ஜிம்ப்பில் திருப்பக் கூடாது.

நான் ஜிம்ப்பிலும் திருப்பினேன், டிரேசிங் பேப்பரையும் கவிழ்த்தேன். அப்பாவின் பெயர் 'ப' எழுத்தில் தொடங்கும். திருப்பினாலும் அது 'ப' போலவே தெரியும் என்பதால் சந்தேகமே வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செதுக்கி, முதல் புரூஃப் எடுத்த பிறகுதான் பெயர் முழுதும் திரும்பியிருப்பதைப் பார்த்தேன். லினோவில் கன்ட்ரோல் இசட் கிடையாது. மணிவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

சுலபமாக நினைவில் வைக்க ஒரு சூத்திரம்: கம்ப்யூட்டர், டிரேசிங், அச்சு ஆகிய மூன்றிலும் நடக்கும் திருப்பங்களைக் கூட்டுங்கள். மொத்தம் இரட்டைப்படையாக வர வேண்டும். எனக்கு மூன்று வந்தது.

அந்த வாரம் பிளாக்கையும் புரூஃபையும் ஊருக்கு எடுத்துப் போனேன். ரகசியமாகச் செய்து தரலாம் என்ற எண்ணம் அதோடு முடிந்தது. அப்பா புரூஃபை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். தன் பெயரைத் தங்குதடையில்லாமல் படித்தார். ஸ்டிக்கில் எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்து இடமிருந்து வலமாகப் படித்தே பழகிய கண் அது. பிறகு பிளாக்கைப் பார்த்தார்.

"கட்டையில படிக்க வந்துச்சுன்னா தப்புடா" என்றார்.

என் சூத்திரத்தை விட இது சுருக்கம். உளியை எடுக்கும் முன் பிளாக்கில் உள்ள எழுத்தைப் படியுங்கள். எளிதாகப் படிக்க முடிந்தால் நிறுத்துங்கள். படத்தில் எழுத்தே இல்லையென்றால், ஓரத்தில் ஒரு 'ட' எழுதிச் சோதியுங்கள்.

படி 5: செதுக்குதல்

புது ஷீட்டில் மறுபடி தொடங்கினேன். லினோவைச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகி, உளி வழுக்கிக்கொண்டு போகும். மெல்லிய கோடுகளுக்கு வி வடிவ உளி, பெரிய வெள்ளைப் பகுதிகளுக்கு யு வடிவ உளி. முதலில் எழுத்துகளையும் முகத்தையும் செதுக்கிவிட்டு, பின்னணிக்குப் பிறகு போங்கள். வளைவு வந்தால் உளியைத் திருப்பாமல் பிளாக்கைத் திருப்புங்கள். மற்றொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம்.

படி 6: அச்சடித்தல்

கண்ணாடித் தட்டில் மையைக் கொஞ்சமாக எடுத்து ரப்பர் ரோலரால் பரப்பவும். நீரில் கரையும் மை சுத்தம் செய்ய எளிது. ஆனால் நம் ஊர் வெயிலில் தட்டிலேயே காயத் தொடங்கிவிடும். எண்ணெய் மை நிதானமாக வேலை செய்ய விடும், ஆனால் அச்சடித்த பேப்பர் காயச் சில நாட்கள் பிடிக்கும். பிளாக்கில் மையை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசி, பேப்பரை வைத்து, ஸ்பூனின் முதுகால் சீராகத் தேய்க்கவும். மெஷின் எதுவும் தேவையில்லை.

மை அளவு எனக்குப் பிடிபடவே இல்லை. ஒன்று திட்டுத் திட்டாக வந்தது, அடுத்தது கோடுகளை அடைத்தது. அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டு ரோலரை என் கையிலிருந்து வாங்கினார். மை சரியாக இருந்தால் ரோலர் உருளும்போது மெல்லிய சத்தம் வரும் என்றார். காதால்தான் பார்க்க வேண்டுமாம். அன்று இரவு அவர் மை போட, நான் தேய்க்க, 100 பிரதிகளும் முடிந்தன. வீட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டிக் காயப்போட்டோம். உள்ளே வரும் விவரங்களை மட்டும் லேசர் பிரிண்டரில் எடுத்தேன். அதையும் அப்பாதான் புரூஃப் பார்த்தார். இரண்டு பிழைகள் கண்டுபிடித்தார்.

முடிவாக

ஒரு படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கக் கம்ப்யூட்டர் உதவும். ஆனால் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய, அருகில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு மாஸ்டர் தேவை. உங்கள் ஊரில் பெரியவர்களுக்கான வார இறுதி வகுப்பு இருந்தால் சேருங்கள். சேரும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். அச்சு ஓவியத்துக்கு உளியும் மையும் அவர்களே தருகிறார்களா, முதலில் பென்சில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பென்சில் பயிற்சி இல்லாத வகுப்பைத் தவிர்ப்பது நல்லது. சென்னை வாசகர்கள் கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் நடக்கும் கண்காட்சிகளுக்கும் போய் வரலாம். அசல் அச்சு ஓவியத்தை நேரில் பார்க்கும்போது உளி போன தடம் தெளிவாகத் தெரியும். மானிட்டரில் அது தெரியாது.

திரும்பி அச்சான அந்த முதல் புரூஃபை நான் தூக்கிப் போட எடுத்தேன். அப்பா வேண்டாம் என்றார். இப்போது அது அவருடைய அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது, தலைகீழாக.