மூன்றே மாதத்தில் திரும்பிய ஆகாயத்தாமரை

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் இளைஞர்கள் சேர்ந்து ஆகாயத்தாமரையை முழுக்க அகற்றினோம். மூன்றே மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. உழைப்பு வீண்தானா?
– வாசகர், செய்யாறு

பதில்: வீணில்லை, ஆனால் இலையைப் பறித்துவிட்டு வேரை விட்டிருக்கிறீர்கள். ஆகாயத்தாமரைக்குச் சாக்கடைதான் சாப்பாடு. கழிவுநீர் வந்து விழுந்துகொண்டிருக்கும்வரை அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதையோ சேற்றில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரியதைக் கரையிலேயே குவித்திருந்தால் முதல் மழையே அதைத் திரும்ப ஏரியில் சேர்த்திருக்கும்.

ஆகவே ஏரியைவிட்டு வெளியே வாருங்கள். வரத்துக்கால்வாயோரமாக மேலே நடந்து, எந்தக் குழாய் எங்கே திறக்கிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோவை வெள்ளலூர்க் குளத்தில் தன்னார்வலர்கள் 2017இல் கால்வாயைத் தூர்வாரிய பிறகுதான் நொய்யல் தண்ணீர் வந்து சேர்ந்தது. குளத்துக்குள் மட்டும் கூட்டிப் பெருக்கியிருந்தால் படம் நன்றாக வந்திருக்கும், அவ்வளவுதான்.

தூர்வார அனுமதி கேட்டு மனு யாரிடம் கொடுப்பது? ஏரியின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்குக் குறைந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத்துறை. எழுத்தில் அனுமதி வாங்காமல் பொக்லைனை இறக்காதீர்கள். மண் அள்ளினார்கள் என்று வழக்கு வந்தால் கைதட்டியவர்கள் யாரும் கூட வரமாட்டார்கள்.