நூலகச் சங்கமும் நூலக வரியும்

ஓசூரையடுத்த பாகலூரில் வீடு உடையார் ஒருவர் வீட்டுவரி செலுத்துங்கால், அதனோடு நூலக வரியும் செலுத்துகின்றார். வீட்டுவரி ரூபாய் ஒன்றுக்கு இது 10 காசு ஆகும். நூலகத்தின் வாயிலையே மிதியாதவரும் இதனைச் செலுத்துதல் வேண்டும். இஃது ஏன் என்று அறியச் சென்னை நூலகச் சங்கத்தின் வரலாற்றை நோக்குவோம்.

அச்சங்கம் 1928ஆம் ஆண்டில் தோன்றியது. கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி அரங்கநாதன் அதன் செயலாளரானார். ஊர்தோறும் நூலகம் வேண்டும் என எடுத்துரைப்பதே சங்கத்தின் முதற்பணி. ஆயின், சொற்பொழிவைக் கேட்டு ஊரார் நூலகம் திறந்துவிட்டால், அதனை நடத்தக் கற்றவர் வேண்டுமே! ஆதலின் 1929இல் சங்கமே பயிற்சிப்பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. அப்பள்ளியை 1931இல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே அரங்கநாதனார் வகுத்த நூலக ஐந்து விதிகளைச் சங்கம் நூலாக வெளியிட்டது. மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து மாட்டுவண்டி புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டாண்டு கழித்துக் கல்கத்தாவில் இந்திய நூலகச் சங்கம் அமைந்தது. அரங்கநாதனார் 1944 முதல் 1953 வரை அதன் தலைவராயிருந்தார்.

எனினும் ஒரு குறை நீங்கவில்லை. வள்ளல் ஒருவர் உள்ளவரை நூலகம் நடக்கும். அவர் கை சுருங்கினால் கதவு மூடப்படும். சந்தாவையும் நன்கொடையையும் நம்பிய சங்கம் இதற்கு என் செய்யும்? சட்டமே வழி எனக் கண்டு, அதற்காக அது பல்லாண்டு முயன்றது. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபொழுது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் மாநில அளவில் பொது நூலகத்திற்கென எழுந்த விரிவான சட்டங்களுள் இதுவே முன்னோடி. சங்கத்தார் விருப்பத்தால் செய்துவந்த பணி, மாவட்டந்தோறும் அமைந்த நூலக ஆணைக்குழுவின் கடமையாயிற்று. தன் பணியைப் பிறர் கையில் ஒப்புவிக்கத் தானே பாடுபட்ட சங்கங்கள் அரியவை.

பாகலூர் முன்னர்ச் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரியிலும், 2004 முதல் கிருட்டினகிரியிலும் அடங்கியது. ஊர் பெயராமலே மாவட்டம் இருமுறை மாறிற்று! இன்று அங்குத் தண்டப்படும் நூலக வரி கிருட்டினகிரி மாவட்ட ஆணைக்குழுவிற்கு உரியது. ஆயினும் வரியைத் தண்டுவது உள்ளாட்சி மன்றம், செலவிடுவது ஆணைக்குழு. முன்னது காலத்தில் அனுப்பாவிடின், பின்னது புதுநூல் வாங்க இயலாது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் அவ்வெல்லைப்புறத்தில் மும்மொழி நூல்களும் வேண்டப்படுதலின், அத்தாமதம் அங்கு மும்மடங்காகப் புலப்படும்.