பாலைக்குச் செல்லும் பருவமழை

ஜூன் திங்களின் இரண்டாம் வாரத்தில் நமது தாணே நகரின் தோற்றமே மாறிவிடுகிறது. யேவூர்க் குன்றுகள் பசுமை போர்த்துக்கொள்கின்றன; குடையும் மழையங்கியுமாகப் பள்ளிக்குச் செல்கிறோம். அந்நாட்களில் திருநெல்வேலியிலுள்ள ஆச்சியிடம் தொலைபேசியில் பேசினால், "இங்கே வெயில்தான், மழை ஐப்பசியில்தான் வரும்" என்பார். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், அதன் கிழக்கே உள்ள ஊர்கள் மழை மறைவுப் பகுதியாகின்றன. ஆனால் வடக்கே இராஜஸ்தானில், காற்றைத் தடுக்கும் மலை எதுவும் இல்லாதபோதும் தார்ப் பாலைவனம் வறண்டே கிடக்கிறது. இஃது ஏன்?

வியப்பு என்னவெனில், நமக்கு மழையைக் கொணரும் காற்றை ஈர்ப்பவற்றுள் அப்பாலைவனமும் ஒன்று. கோடையில் அதன் மணற்பரப்பு கடுமையாகச் சூடேறுகிறது. அங்குள்ள பலோடி என்னும் ஊரில் 2016 மே 19ஆம் நாள் வெப்பம் 51 டிகிரி செல்சியசை எட்டியது. சூடேறிய காற்று மேலெழ, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. அவ்வேளையில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே குளிர்காலம்; மொரீஷியஸ் தீவுக்கு அப்பாலுள்ள கடற்பரப்பில் அழுத்தம் மிகுந்திருக்கும். அங்கிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து, புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, சோமாலியாக் கரையோரம் விரைந்து, அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது.

அக்காற்று சயாத்திரி மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகிறது. மும்பைப் பகுதியில் நான்கே மாதங்களில் ஏறத்தாழ 2,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரிலோ ஆண்டு முழுவதற்கும் சுமார் 200 மில்லிமீட்டர்தான்! ஆரவல்லி மலைத்தொடர் காற்று வீசும் திசைக்கு ஏறக்குறைய இணையாகவே நீண்டு கிடப்பதால், காற்று அதில் மோதாமல் கடந்துவிடுகிறது. இதனினும் பெரிய தடை வானில் உள்ளது. ஈரக்காற்று நிலத்தையொட்டி மெல்லிய படலமாகவே பாலையை அடைகிறது. அதன்மேல், ஈரான், பலுசிஸ்தான் பக்கமிருந்து வரும் வெப்பமான உலர்காற்று பானைக்கு மூடியிட்டதுபோல் கவிந்திருக்கும். ஆகவே வியர்வை வழியும், மேகமும் தோன்றும், ஆனால் அது வளர்ந்து மழையாவதில்லை.

அந்த மூடி சிலநாட்களில் திறக்கும். திறப்பது தொலைவிலுள்ள வங்காள விரிகுடா! அங்கு உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் ஒடிசாவில் கரையேறி, மத்தியப் பிரதேசம் வழியாக மேற்கு நோக்கி நகர்கின்றன. அவற்றுட் சில இராஜஸ்தான்வரை உயிரோடு வந்து சேரும். அப்போது இரு கடல்களின் ஈரமும் அங்கே குவிந்து, ஈரப்படலம் தடித்து உயர்கிறது. மேகங்கள் ஓங்கி வளர்கின்றன. பாலை பெறும் மழையின் பெரும்பங்கு இத்தகைய சிலநாட்களில் பெய்வதே. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திலும் கோடையில் கலிபோர்னியா வளைகுடாவின் ஈரக்காற்று இவ்வாறே அலையலையாகப் புகுகிறது.

2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில், ஓராண்டில் பெய்யும் மழையைவிட மிகுதியாகச் சிலநாட்களிலேயே கொட்டித் தீர்த்தது. கவாஸ் என்னும் சிற்றூர் நீரில் மூழ்கியது. மணலின்கீழ் ஜிப்சப் படிவு இருந்தமையால் நீர் நிலத்துள் இறங்கவில்லை. வாரக்கணக்கில் தேங்கி நின்றது. இராஜஸ்தானில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலைவனத்தில் படகுவிட்டு மக்களை மீட்க நேர்ந்தது!

ஆயினும் அம்மக்கள் மழையை வெறுப்பதில்லை. முதல்மழை விழுந்ததும் கம்பு விதைக்கின்றனர். கூரையிலும் முற்றத்திலும் விழும் நீரை 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டியில் சேர்த்து, மாதக்கணக்கில் பருகுகின்றனர். காலம் குறுகியது: பருவமழை ஜூலை 8ஆம் நாளளவில்தான் நாட்டின் மேற்குக் கோடியை அடைகிறது, செப்டம்பர் 17ஆம் நாளளவில் அங்கிருந்தே விடைபெறத் தொடங்குகிறது. தாணேயில் நாம் அக்டோபரிலும் குடை பிடித்துக்கொண்டிருப்போம்.

பயிற்சி

1. ஆரவல்லி மலை பருவக்காற்றைத் தடுக்காதது ஏன்?
2. 'மூடி' என்று பாடம் குறிப்பிடுவது எதனை?
3. உங்கள் சொந்த ஊரில் மழை பெய்யும் மாதங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, தாணேயின் மழையோடு ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.