வன்தட்டின் சிதறலை ஒழுங்கு செய்தல் பயனுடைத்தோ?

வெலிங்டனிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் ஒருவர், தம் இல்லத்துப் பழைய கணிப்பொறி மிக மெதுவாய் இயங்குகின்றதென்றும், அதன் வன்தட்டை 'டீஃபிராக்' செய்தால் விரைவு மீளுமோ என்றும் அண்மையில் வினவினார். அவர்தம் ஆய்வேடும், குடும்பத்தாரின் பல்லாண்டுப் புகைப்படங்களும் அப்பொறியிலேயே உள்ளன. அவற்றிற்கு வேறு படி யாதுமில்லை. ஆகலின் இவ்வினாவைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், சிதறல் என்பது யாது? வன்தட்டிற் பழைய கோப்புகளை அழித்தும் புதியனவற்றை எழுதியும் வருங்கால், வெற்றிடம் ஓரிடத்தே தொடர்ந்திராது, சிறுசிறு துண்டுகளாய்ப் பிரிந்துவிடும். பின்னர் எழுதப்படும் பெரிய கோப்பொன்று அவ்வெற்றிடங்களிற் பலவாறு பகுந்து அமர்கின்றது. இதுவே சிதறல். அத்துண்டுகளை எடுத்து ஒருங்கே வைத்தலே டீஃபிராக் எனப்படும். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6 இலேயே இதற்குரிய கருவி சேர்க்கப்பட்டிருந்தது.

இதனை நம் மலை இரயிலைக்கொண்டு விளக்கலாம். குன்னூரில் ஏறும் ஒருவர் தமக்குரிய ஐந்து பொதிகளைப் பெறவேண்டும் எனக் கொள்வோம். ஐந்தும் வெலிங்டன் நிலையத்தே இருப்பின் ஒருமுறை இறங்கினாற் போதும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை என நிலையத்திற்கு ஒன்றாய்க் கிடப்பின், பொதியின் பாரம் மிகாவிடினும் காலம் மிகும். சுழலும் வன்தட்டில் நிகழ்வதும் இதுவே. படிக்கும் முனையானது ஒவ்வொரு துண்டையும் நாடி நகர்தல் வேண்டும். நகர்ந்தபின் அத்துண்டு தன் கீழே சுழன்று வரும்வரை காத்திருத்தலும் வேண்டும்.

இக்காலத்தைக் கணக்கிட்டுக் காண்போம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 8.3 மில்லிவினாடி ஆகும். சராசரிக் காத்திருப்பு அதிற் பாதி. முனை நகர்தற்கு ஏறத்தாழ 9 மில்லிவினாடி என்று கொண்டால், துண்டொன்றிற்கு 13 மில்லிவினாடி வீணாகும். வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கவல்ல தட்டில், 100 மெகாபைட் கோப்பைத் தொடர்ந்து படிக்க ஒரு வினாடியே வேண்டும். அக்கோப்பு 10 துண்டாயின் மிகும் காலம் வினாடியிற் சிறு பகுதியே. 1,000 துண்டாயின் 13 வினாடி மிகும். எனவே சிதறல் உளதா என்பதன்று, எத்துணை உளது என்பதே வினா. 64 மெகாபைட்டிற்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் சிதறலாகவே கொள்ளாமைக்குக் காரணமும் இதுவே.

இனி, இக்காலத்து மடிக்கணினிகளிற் பலவும் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தைக் கொண்டவை. அதன்கண் சுழலும் தட்டுமில்லை, நகரும் முனையுமில்லை. தொலைபேசியில் அழைப்பார்க்கு வெலிங்டனும் லவ்டேலும் ஒரே தொலைவாதல் போல, அதற்கு எவ்விடமும் ஏறக்குறைய ஒன்றே. அன்றியும், அதன் நினைவுக் கலங்கள் குறித்த அளவு முறையே எழுதப்படத் தக்கவை. அதனை டீஃபிராக் செய்தல், பயன் மிகச் சிறிதாக, ஆயுளை வீணே செலவிடுவதாகும். எவ்வகைச் சேமிப்பகம் என்பதை அண்மைக்கால விண்டோஸில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்னும் பகுதி காட்டும். விஸ்டா பொதுமக்களுக்கு வெளியான 2007 முதல் விண்டோஸ் இவ்வொழுங்கைக் குறித்த நேரத்தில் தானே செய்து வருகின்றது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் எஸ்.எஸ்.டி.க்கு அதற்கேற்ற வேறு பணியைச் செய்கின்றது. ஆதலின் புறக்கருவிகளை விலைக்கு வாங்குதல் பெரும்பாலும் வேண்டற்பாலதன்று.

இவை யாவினும் முதன்மையானதொன்று உண்டு. மந்தத்திற்குக் காரணம் சிதறல் மட்டுமன்று. நினைவகக் குறைவும், தொடக்கத்தே தாமாக இயங்கும் நிரல்களின் மிகுதியும், தட்டு நிறைந்துவிடுதலும் மந்தம் விளைக்கும். தட்டே பழுதுற்று அழியுந் தறுவாயில் இருத்தலும் கூடும். 'டிக் டிக்' என்னும் புதிய ஓசையும், கோப்புகளைத் திறக்குங்கால் தோன்றும் பிழைச் செய்திகளும் அதன் அறிகுறிகள். அந்நிலையில் டீஃபிராக் செய்வது, நோயுற்றவனை மலையேறச் செய்வது போலாம். தட்டின் பெரும்பகுதியைப் படித்து மீண்டும் எழுதும் அப்பணியே அதன் இறுதிப் பணியாய் முடியவுங்கூடும்.

ஆகவே அம்மாணவர்க்கு யாம் கூறிய விடை இதுவாகும்: முதலில் ஆய்வேட்டையும் புகைப்படங்களையும் வேறொரு தட்டிற் படியெடுத்து வைக்க. அடுத்து, தட்டு நலமாயுளதா என்று சோதிக்க. பின்னர் அது எவ்வகையினதென அறிக. சுழலும் தட்டாயிருந்து, சிதறல் 10 விழுக்காட்டை மிஞ்சுமாயின், மின்தடை அஞ்ச வேண்டாத ஓர் இரவில் ஒழுங்கு செய்க. எஸ்.எஸ்.டி. ஆயின் அவ்வெண்ணத்தை விடுக.

விரைவு இழப்பின் மீளப் பெறலாம். படியில்லாத கோப்பை இழப்பின் மீட்டல் அரிது. பொருள்களை ஒழுங்கு செய்தல் நன்றே. அவற்றைக் காத்தபின் செய்தல் அதனினும் நன்று.