மனுவும் மாலுமியும்

அன்னவாசலில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஆகவே மனு எழுத எல்லோரும் என்னிடமே வருகின்றனர். எழுதி முடித்ததும், "தம்பி, இதைப் படிப்பாங்களா?" என்று கேட்கின்றனர். இதற்கு வரலாறு தரும் விடை என்ன?

பிரிட்டிஷ் மாலுமிகளின் ஊதியம் நூறாண்டுகளுக்கு மேல் உயரவே இல்லை. உணவோ அளவில் குறைவு. 1797-இல் மனுக்கள் அனுப்பினர். தண்டனைக்கு அஞ்சிக் கையொப்பமின்றி அனுப்பினர்! பதில் வரவில்லை. ஏப்ரல் 16-இல் ஸ்பிட்ஹெட் துறையில் கப்பலைச் செலுத்த மறுத்தனர். பின்னரே ஊதியம் உயர்ந்தது, மன்னிப்பும் கிடைத்தது, கொடுமை புரிந்த அதிகாரிகள் பலர் விலக்கப்பட்டனர்.

நம் நாட்டில் நடந்தது என்ன? 1946 பிப்ரவரியில் பம்பாய் 'தல்வார்' பயிற்சித் தளத்தின் இந்திய மாலுமிகள், தம்மை இழிசொல்லால் ஏசிய தளபதி கிங் மீது முறைப்படியே புகார் எழுதினர். புகார் கொடுத்தவர்களே மிரட்டப்பட்டனர். பிப்ரவரி 18-இல் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 78 கப்பல்களுக்கும், ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது, சென்னையையும் எட்டியது. பழிவாங்கல் இராது என்ற உறுதியை நம்பிப் பிப்ரவரி 23-இல் சரணடைந்தனர். ஆயினும் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

படைக்குக் கட்டுப்பாடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் குறையைக் கேட்கும் செவி இல்லாத கட்டுப்பாடு நிலைக்குமா?

நண்பர்களே! நாளை நம்மில் பலர் அலுவலக மேசைக்கு அப்புறம் அமரப்போகிறோம். அன்று நம்முன் வரும் மனுவைக் கடைசி வரி வரை படிப்போம்!