ஒரே வேலை ஆயிரம் முறை: மேக்ரோவின் பயனும் எல்லையும்

நிர்வாகச் சீரமைப்பு ஒன்றை அரசு அறிவித்ததும் அதன் சுமை முதலில் இறங்குவது எழுத்தர்களின் மேசை மீதுதான். ஆந்திரப் பிரதேசத்தில் 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்கள் 26 ஆயின. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. குப்பம் சித்தூரிலேயே நீடித்தது. ஸ்ரீகாளஹஸ்தி புதிய திருப்பதி மாவட்டத்திலும், மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்திலும் சேர்க்கப்பட்டன. இத்தகைய மாற்றத்திற்குப் பின் பட்டியல்களில் மாவட்டப் பெயரைத் திருத்த வேண்டியிருக்கும். இப்பணியைக் கணிப்பொறியின் 'மேக்ரோ' எவ்வாறு எளிதாக்கும், எங்கே கெடுக்கும் என்பதை ஆராய்வோம்.

மேக்ரோ என்பது என்ன?

ஒருவர் செய்யும் விசையழுத்தங்களையோ கட்டளைகளையோ வரிசையாகப் பதிந்து வைத்து, மீண்டும் மீண்டும் இயக்குவதே மேக்ரோ. 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாளிலேயே இவ்வசதி இருந்தது. 1993 முதல் எக்செல்லில் இதற்கெனத் தனி நிரல்மொழியும் இணைந்தது.

ஒரு பட்டியலில் 2,000 பதிவுகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்றைத் திருத்த அரை நிமிடம் ஆகுமெனில், மொத்தம் 16 மணி 40 நிமிடம். அதாவது ஓர் ஊழியரின் இரண்டு வேலைநாட்களுக்கும் மேல். மேக்ரோ இதனைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

மவுஸின் அசைவுகளைப் பதியும் மேக்ரோக்களும் உண்டு. இவை திரையில் ஓர் இடத்தை மட்டுமே அறியும். அங்கே என்ன இருக்கிறது என்பதை அறியமாட்டா. நடுவில் ஓர் அறிவிப்புப் பெட்டி தோன்றினால், அடுத்த சொடுக்கு தவறான இடத்தில் விழும். ஆகவே, இயன்றவரை விசைகளையும் கட்டளைகளையும் நம்புவதே நலம்.

எங்கே தவறு நேரும்?

'சித்தூர்' என்று கண்ட இடமெல்லாம் 'திருப்பதி' என்று மாற்றுமாறு பணித்தால், குப்பத்துக்காரரும் திருப்பதி மாவட்டத்தவர் ஆகிவிடுவார். 2022-க்கு முந்தைய பத்திரத்தின் விவரமும் திருத்தப்பட்டுவிடும். கையால் செய்யும் பிழை ஒரு வரியோடு நிற்கும். மேக்ரோவின் பிழை எல்லா வரிகளிலும் பரவும். தம் பெயர் வேறு மாவட்டப் பட்டியலுக்குப் போய்விட்ட ஒரு மூதாட்டிக்கு அது வெறும் எழுத்துப் பிழை அன்று. அம்மாதத்து ஓய்வூதியமே தடைப்படலாம்.

பின்பற்றத்தக்க முறை

முதலாவதாக, மூலப் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவதாக, எந்த மண்டலம் எந்த மாவட்டத்தில் சேர்ந்தது என்பதை அரசாணையின்படி தனி அட்டவணையாக்க வேண்டும். மேக்ரோ ஒவ்வொரு வரியின் மண்டலத்தையும் இவ்வட்டவணையோடு ஒப்பிட்ட பின்னரே திருத்த வேண்டும். மூன்றாவதாக, பொருந்தாத வரியைத் தொடாமல், நிறமிட்டுக் காட்டினால் போதும். 'காளஹஸ்தி' என்றும் 'ஸ்ரீகாளஹஸ்தி' என்றும் எழுதப்பட்ட வரிகளை மனிதரே பார்த்து முடிவு செய்யட்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் அடைவு கிராமங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண் வழங்குகிறது. பெயருக்குப் பதில் அவ்வெண்ணைப் பயன்படுத்தினால் இக்குழப்பம் பெரிதும் குறையும். நான்காவதாக, முதலில் இருபது வரிகளில் சோதித்தறிய வேண்டும். இறுதியாக, திருத்தத்திற்கு முன்னும் பின்னும் மொத்தப் பதிவுகளை எண்ணி, மாவட்ட வாரியான கூட்டுத்தொகை ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இயந்திரம் வந்தால் எழுத்தருக்கு வேலை இராது என்ற அச்சம் புதிதன்று. ஆனால், கிராமத்தின் பெயர் இருவிதமாக எழுதப்படும் என்பதை அறிந்தவர் அவ்வெழுத்தரே. மிச்சமாகும் இரண்டு நாட்களை நிறமிட்ட வரிகளைச் சரிபார்க்கவும், மனு கொடுக்க வந்தவரின் குறையைக் கேட்கவும் அவருக்கு அளிக்க வேண்டும். அப்பொழுதுதான் மேக்ரோவின் பயன் மக்களைச் சென்றடையும்.